கல்லைப் பிடித்த கொக்கு

அத்தியாயம் 5

நான்கு மணிக்குச் சித்தியின் தலை உருளப் போகிறது. இப்போது மணி இரண்டேகால். இந்த லட்சணத்தில் புரூஃப் சார் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘இங்கு எச்சில் துப்ப கூடாது’ என்ற பலகையில் சிவப்புப் பென்சிலால் ஒரு ‘க்’ சேர்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அந்த எழுத்து எங்கயும் ஓடிடாது. என் சித்தியோட வேலைதான் ஓடிடும்,” என்றாள் விசில்.

“ஒரு நிமிஷம். புள்ளி வெச்சுடறேன்.”

விசில் பதினோரு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவள். கம்பெனியே ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டதால் வேலை போயிற்று. கழுத்தில் தொங்கிய விசிலும் வாயும் அவளோடு வந்துவிட்டன. புரூஃப் சார் முப்பது வருடம் ஒரு நாளிதழில் புரூஃப் ரீடராகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். அடுத்தவன் தப்பைத் தேடும் வியாதி ஓய்வு பெற்றும் விடவில்லை என்பதால் துப்பறியும் அலுவலகம் திறந்தார். இருவரும் சேர்ந்து இதுவரை ஏழு கேஸ் முடித்திருக்கிறார்கள். அதில் இரண்டு, காணாமல் போன நாய்.

இது எட்டாவது. போன வாரம் ஒன்பது பேர் புத்தாடை உடுத்தி, ஆளுக்கொரு அரசாங்க வேலையில் சேர வந்தார்கள். ஒன்பது பேர் கையிலும் பணி நியமன ஆணை. கையெழுத்து போலி என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் தாளின் அடியில் புடைத்து நின்ற மாநில முத்திரையைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அது அசல் என்று சின்னங்கள் பிரிவு சான்றே கொடுத்துவிட்டது.

அந்த முத்திரையைத் தாளில் அழுத்தும் கைமெஷின் மாநிலத்துக்கே ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாம் மாடியில் ஓர் இரும்பு பீரோவுக்குள். பீரோவின் சாவி முப்பத்துநான்கு வருடமாகச் சித்தியின் இடுப்பில். அலுவலகத்தில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை, பூட்டக்கா என்பார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இன்று மாலை விசாரணையில் குற்றம் உறுதியானால் ஓய்வூதியம் கிடையாது, வாசலில் போலீஸ் ஜீப்.

அம்மா போன பிறகு விசிலைத் தூக்கி வளர்த்தவள் அந்தச் சித்திதான். பயம் வந்தால் விசிலுக்கு ஜோக் வரும். காலையிலிருந்து ஜோக்காக வந்துகொண்டிருந்தது.

*

சின்னங்கள் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. பிரிவு என்றால் ஒரே ஒரு அறை, ஒரே ஒரு அதிகாரி. மற்றவர்கள் பேனா குத்துகிற சட்டைப் பையில் இவர் ஆறு அங்குல எஃகு அளவுகோல் குத்தியிருந்தார். அவருக்குக் கட்டடம் முழுக்க அதுதான் பெயர்.

“உட்காருங்க. பூட்டக்கா விஷயத்துல எனக்கும் மனசு சரியில்ல,” என்று நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார் அளவுகோல்.

சுவர் நிறையப் படங்கள். மாநில மரம், மாநிலப் பூ, மாநிலப் பறவை, மாநில மீன்.

“பறவைன்னா கொக்கு. கொக்கையும் மீனையும் ஒரே சுவத்துல மாட்டியிருக்கீங்களே, ராத்திரி சத்தம் கேக்காதா?” என்றாள் விசில்.

அளவுகோல் சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மாநில முத்திரையைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம், பேரக்குழந்தையைப் பற்றிக் கேட்ட மாதிரி மலர்ந்தது.

“கீழ மூணு அலை இருக்கு பாருங்க. அது நம்ம மூணு ஆறு. கொக்குக்கு வால் இறகு ஆறு. முதல்ல மாநிலம் உருவானப்ப ஆறு மாவட்டம். ஒத்தக் கால்ல நிக்கறது பொறுமை. ஆனா எல்லாத்துக்கும் உயிர் எது தெரியுமா? தூக்கின கால்ல ஒரு கல்லைப் பிடிச்சிருக்கு. காவல் காக்கற கொக்கு கண் அசந்தா கல் நழுவி இன்னொரு கால் மேல விழும். உடனே முழிச்சுக்கும். அரசாங்கம் தூங்கக் கூடாதுன்னு அர்த்தம்.”

வரும் வழியில் இரண்டாம் மாடி முழுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசை மேல் தலை வைத்துக் கிடந்ததை விசில் நினைத்துக்கொண்டாள்.

எதிர்ச் சுவர் முழுக்கத் தப்பான கொக்குகளின் புகைப்படம். ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டம், பக்கத்தில் நோட்டீஸ் அனுப்பிய தேதி. ஒரு பள்ளிக்கூடத்துப் பேனரில் கொக்கு இடது காலைத் தூக்கியிருந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டியில் இருந்தது கொக்கா என்பதே சந்தேகம்.

“அது வாத்து,” என்றார் அளவுகோல், சொந்தக்காரர் சாவைச் சொல்கிற குரலில். “மூணு நோட்டீஸ் போட்டேன். நாலாவதுக்கு பெயின்டரே நேர்ல வந்து அழுதுட்டார்.”

புரூஃப் சாரின் கண் மின்னியது. பிழை பொறுக்காத இன்னொரு ஜீவனைப் பார்த்த சந்தோஷம். அவர் கதவுக்கு மேலிருந்த மர முத்திரையைக் காட்டினார். “அது அம்சமா இருக்கே. அரசாங்கம் கொடுத்ததா?”

“அரசாங்கம் கொடுத்ததுல அலை ரெண்டுதான் இருந்தது. மாத்திக் கொடுங்கன்னு எழுதினேன். நிதி இல்லைன்னு பதில் வந்தது. அப்புறம் எனக்குத் தெரிஞ்ச ஒரு செதுக்கற ஆள்கிட்ட சொல்லி நானே செஞ்சுக்கிட்டேன். இங்க எழுதிக் கேட்டா எதுவும் கிடைக்காது.”

“சரி, இந்த ஒன்பது ஆர்டர் விஷயம்,” என்று விசில் நடுவில் புகுந்தாள். “கள்ளக் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவனுக்குக் கள்ள சீல் செய்யத் தெரியாதா?”

“இவ்வளவு சுத்தமா வராதும்மா. அரசிதழ்ல வந்த மூலப் படத்தோட முப்பத்துமூணு இடத்துல ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நூல் பிசகல. போலி செய்யறவனுக்கு அந்தப் பொறுமை இருக்காது.”

“அந்த மெஷின்லயே ஒரு தாளை அழுத்தி ஒப்பிட்டிருக்கலாமே,” என்றார் புரூஃப் சார்.

“விதிப்படி அரசிதழ் படத்தோடதான் ஒப்பிடணும். தவிர, பூட்டக்கா அறைக்குள்ள எனக்கு அனுமதியே கிடையாது. இந்த இருபது வருஷத்துல அந்த அச்சை ஒரு தடவைகூட நான் கண்ணால பார்த்ததில்ல.”

வெளியே வந்ததும் புரூஃப் சார் ஒரு பெப்பர்மிண்ட்டை வாயில் போட்டுக்கொண்டார். “நூத்துக்கு நூறுன்னு யாராவது சொன்னா என் கை சிவப்புப் பென்சிலைத் தேடும். முப்பது வருஷத்துல பிழையே இல்லாத ஒரு பக்கம்கூட அச்சாகி நான் பார்த்ததில்ல.”

*

சித்தி விசாரணை அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. இடுப்பில் சாவி இல்லை. பீரோவுக்கு விசாரணைக் குழு அரக்கு வைத்துவிட்டது. சாவி தொங்கிய இடத்தை அவள் கை அடிக்கடி தொட்டுப் பார்த்ததை விசிலால் பார்க்கச் சகிக்கவில்லை.

“அசல் சீல் அழுத்தின தாள் ஒண்ணு வேணும்,” என்றார் புரூஃப் சார். “ஃபைல்ல இருக்குமே?”

“ஃபைல் நகல்ல சீல் வைக்கற வழக்கம் இல்லீங்க. அசலுக்கு மட்டும்தான். அது வேலை கிடைச்சவங்க கையோட போயிடும்.” சித்தி பையைத் துழாவினாள். “என்னோட ஆர்டர் இருக்கு. முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தினது. சர்வீஸ் பேப்பர் எல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

புரூஃப் சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். விசாரணைக் குழு பார்வைக்குக் கொடுத்திருந்த போலி ஆணை ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடி இங்கும் அங்கும் போய் வந்தது. அலை மூன்று. ஒற்றைக் கால். கல்.

இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

“நல்லா இருக்கு. காப்பாத்த வந்த நாமளே கழுத்துல கயித்தை மாட்டிட்டோம்,” என்றாள் விசில். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பையைத் திறந்தாள். அடியில் கிடந்த பழைய டிக்கெட் பஞ்ச் விரலில் தட்டியது. வேலை போன நாளிலிருந்து அதை அவள் வெளியே எடுத்து வைக்கவே இல்லை. அதை எடுத்துச் சும்மா ஒரு காகிதத்தில் அழுத்தினாள். முதல் வருடம் அது நட்சத்திரமாக ஓட்டை போட்டது. ஐந்தாம் வருடம் வட்டம். இப்போது எலி கடித்த மாதிரி ஒரு கிழிசல்.

அவள் அந்தக் கிழிசலையே பார்த்தாள். பிறகு சித்தியைப் பார்த்தாள்.

“சித்தி. பதினோரு வருஷத்துல என் பஞ்ச் பல்லு போன கிழவியாயிடுச்சு. முப்பத்துநாலு வருஷமா தினம் அழுத்தற உன் சீலுக்கு ஒரு பல்லுகூட ஆடலையா?”

சித்தியின் கை பைக்குள் எதையோ மறைத்தது. விசில் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தாள். முடி எல்லாம் சாய்ந்துபோன ஒரு பழைய டூத் பிரஷ்.

“பேப்பர் தூசி அடைச்சுக்கும்,” என்றாள் சித்தி, தரையைப் பார்த்தபடி. “தினமும் காலைல மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ப்பேன். முதல்ல கல்லுதான் போச்சு. பத்து வருஷம் இருக்கும். அப்புறம் வால் இறகு ஒண்ணொண்ணா மழுங்கிடுச்சு.”

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“அரசாங்கச் சொத்துக்குச் சேதம்டி. என் கையாலதான தேஞ்சுது. இருக்கற குற்றம் போதாதுன்னு இன்னொண்ணையும் நானே எழுதிக் கொடுக்கணுமா?”

விசிலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. செய்யாத திருட்டுக்கு ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்தவள், செய்த சுத்தத்துக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டாள்.

புரூஃப் சார் மட்டும் உற்சாகமாக நெற்றியைத் தட்டிக்கொண்டார். “அதான் கை பென்சிலைத் தேடிச்சு. அசல்ல பிழை இருக்கு. போலிதான் சுத்தமா இருக்கு. நானும் வாழ்க்கை முழுக்கத் தலைகீழா தேடியிருக்கேன்.”

“அப்ப பீரோவைத் திறந்து காட்டினா முடிஞ்சுதே,” என்றாள் விசில்.

“முடியாது,” என்று சித்தி பக்கம் திரும்பினார் புரூஃப் சார். “போன வாரம் நீங்களே அரத்தால தேய்ச்சிருப்பீங்கன்னு சொல்லுவாங்க. இந்தப் போலி வர்றதுக்கு முன்னாடி, ஆனா சமீபத்துல கொடுத்த ஆர்டர் ஒண்ணு வேணும். இந்தக் கட்டடத்துக்குள்ளயே. ஒரு மணி நேரத்துல.”

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “லிஃப்ட் தம்பி போன வருஷம்தான் சேர்ந்தான்.”

*

லிஃப்ட் தம்பிக்கு முப்பது வயது. ஆணையை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நெஞ்சோடு ஒட்டிய உள்பையில் வைத்திருந்தார்.

“இதை எதுக்குங்க கூடவே வெச்சிருக்கீங்க?” என்று விசில் கேட்டாள்.

“பொண்ணு பார்க்கப் போற இடத்துல எவனும் நம்ப மாட்டேங்கறான். லிஃப்ட்ல மேல கீழ போறது ஒரு வேலையாங்கறான். அரசாங்க வேலைன்னு எடுத்துக் காட்டணும்ல.”

“லேமினேஷன் பண்ணலையா?” என்றார் புரூஃப் சார், கவலையோடு.

“பண்ணா சீல் அமுங்கிடும், பண்ணாதேன்னு பூட்டக்காதான் சொன்னாங்க. ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னாங்க.”

புரூஃப் சார் தாளை விரித்து லிஃப்ட் விளக்குக்கு நேராகச் சாய்த்தார். கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. தூக்கிய கால் வெறுமையாக இருந்தது. வால் மழுங்கி வெறும் கட்டையாக இருந்தது.

“தம்பி,” என்றாள் விசில், “உங்களுக்குப் பொண்ணு பார்க்க இனிமே நானே கூட வர்றேன்.”

*

விசாரணைத் தலைவர் அம்மாவுக்கு மதியச் சாப்பாடு இன்னும் கண்ணில் இருந்தது. அவர் தலைக்கு மேல், சுவரில், ஓர் ஆள் உயரக் கொக்கு கல்லோடு விழித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அளவுகோல், சான்றுக் கோப்போடு. எதிர்ப் பக்கம் சித்தி, ஒரு கையை விசிலிடம் கொடுத்துவிட்டு.

புரூஃப் சார் லிஃப்ட் தம்பியின் ஆணையை முன்னால் வைத்தார். பழுது எப்படி வந்தது என்று சொன்னார். பக்கத்து அறையில் அரக்கு உடைந்தது, பீரோ திறந்தது, எல்லார் முன்னிலும் ஒரு வெள்ளைத் தாள் மெஷினுக்குள் போய் வந்தது. கல் இல்லாத கொக்கு. போன வருடத்துத் தாளிலும் அதே கொக்கு. ஒன்பது போலியிலும் மட்டும் கல்.

“அப்ப இவங்க மெஷின்ல அழுத்தினது இல்ல,” என்றார் தலைவர் அம்மா, பாதி விழித்து. “வேற அச்சு இருக்கு. எங்க இருக்குன்னு போலீஸ் தேடட்டும். இத்தோட முடிச்சுக்கலாமா?”

“ஒப்புக்கறேன்,” என்றார் அளவுகோல் அமைதியாக. “யாரோ அரசிதழைப் பார்த்துப் புதுசா வெட்டியிருக்காங்க. என் சான்று படத்தோட ஒப்பிட்டது, அதுல தப்பில்ல. வெட்டினவன் திறமைசாலி.”

“திறமைசாலியா?” என்றார் புரூஃப் சார். “அரைகுறை. இதைப் பாருங்க, வால்ல அஞ்சு இறகுதான் இருக்கு. ஒரு மாவட்டத்தையே முழுங்கிட்டான்.”

விசில் திரும்பிப் பார்த்தாள். புரூஃப் சார் இப்படித் தாளை மேசையில் வீசிப் பேசி அவள் கண்டதில்லை. கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற மாதிரி என்னமோ செய்கிறார் என்று மட்டும் புரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அளவுகோலின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. “அஞ்சு இல்ல,” என்றார்.

“எண்ணிப் பார்த்துட்டேன் சார். அஞ்சுதான். விடுங்க, போலிக்கு இது போதும். தண்ணித் தொட்டி பெயின்டர்கூட இதைவிட நல்லா வரைஞ்சிருப்பார்.”

“ஆறு இருக்கு.”

“கழுத்தும் கொஞ்சம் வாத்து மாதிரி.”

“ஆறு இருக்குங்கறேன்.” அளவுகோல் எழுந்தே விட்டார். “ஆறாவது இறகு அஞ்சாவதுக்கு அடியில பாதி மறைஞ்சிருக்கு. மயிரிழை கனம். அதனால தாள்ல மேல எழும்பாது. அச்சுல தெளிவா இருக்கு. நானே லென்ஸ் வெச்சு எண்ணிப் பார்த்தேன்.”

தலைவர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எந்த அச்சுல சார்?” என்று புரூஃப் சார் மெல்லக் கேட்டார். “பீரோவுல இருக்கறதை இருபது வருஷமா கண்ணால பார்த்ததில்லைன்னு மூணு மணி நேரம் முன்னாடி, இல்ல, ரெண்டு மணி நேரம் முன்னாடி சொன்னீங்க. தவிர அதுல வால் இறகே கிடையாது. உங்க கதவு மேல இருக்கற மர முத்திரையைச் செதுக்கின ஆள்தான் இதையும் செதுக்கினாரா?”

அளவுகோல் உட்கார்ந்தார். அளவுகோலைப் பையிலிருந்து எடுத்து மேசை விளிம்புக்கு இணையாக வைத்தார். அது கோணலாகக் கிடந்தது. அதைத் திரும்பவும் நேராக்கினார்.

“கல் இல்லாம ஆர்டர் போயிட்டே இருந்தது,” என்றார். “புது அச்சு வேணும்னு மூணு தடவை எழுதினேன். நிதி இல்லை, நிதி இல்லை, நிதி இல்லை. நானே வெட்டி வாங்கினேன். ஒரே ஒரு தாள்ல அழுத்திப் பார்த்தேன். அவ்வளவு அழகா வந்தது. என் மச்சான் அதைப் பார்த்துட்டான். அதை வெச்சு ஆர்டர் தயார் பண்ணி விக்கலாம்னான். தேஞ்ச மாதிரி செஞ்சா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு அவன் தலபாடா அடிச்சுக்கிட்டான். எப்படிச் செய்வேன்? தெரிஞ்சே ஒரு தப்பான கொக்கை நான் எப்படிச் செய்வேன்?”

அச்சு அவர் மேசை இழுப்பறையில், நகைப்பெட்டிக்குள், வெல்வெட் மேல் இருந்தது. போலீஸ்காரர் அவரை அழைத்துப் போகும்போது புரூஃப் சார் எழுந்து நின்று வழி விட்டார். அந்த மனிதரைப் பிடித்ததில் அவருக்குச் சந்தோஷம் இல்லை என்பது விசிலுக்குத் தெரிந்தது.

அவளுக்கும் முழுச் சந்தோஷம் வர விடவில்லை, தலைவர் அம்மா. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சித்தியைப் பார்த்தார். இப்போது தூக்கத்தின் சாயல்கூட இல்லை.

“ஒரு விஷயம் பாக்கி இருக்கு. முத்திரையில கல் போய் பத்து வருஷம் ஆச்சு. நீங்க தெரிவிக்கல. இதை நான் எப்படி எழுதறது?”

சித்தியின் இன்னொரு கை சாவி இல்லாத இடுப்புக்குப் போயிற்று. எந்தக் குற்றத்துக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்தாளோ, அதே குற்றம் மேசை மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. விசில் ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். ஒரு ஜோக்கும் வரவில்லை.

சித்தி எழுந்து நின்றாள். சுவரிலிருந்த பெரிய கொக்கை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

“கல்லு கீழ விழுந்தாத்தாங்கம்மா கொக்கு முழிக்கும்,” என்றாள்.

தலைவர் அம்மா திரும்பி, தன் தலைக்கு மேலிருந்த கொக்கைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஒரே வரி எழுதினார். புரூஃப் சார் எட்டிப் படித்தார். ‘நீண்டகாலப் பயன்பாட்டினால் ஏற்பட்ட இயல்பான தேய்மானம்.’ அதில் அவருக்கு எந்தப் பிழையும் கிடைக்கவில்லை.

சாவி கைக்கு வந்ததும் சித்தி அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பக்கத்து அறையில் திறந்து கிடந்த பீரோவிடம் போய், பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து, இன்றைக்குக் காலையில் விட்டுப்போன தூசியைத் தட்ட ஆரம்பித்தாள்.